திருச்சியில் ஒரு நாள் கையில் இருந்தால்: தனியாகப் போக தஞ்சையா, மதுரையா, காரைக்குடியா?

திருச்சிக்கு வருகிறவர்களில் பலருக்கு இந்தக் கேள்வி எழும். கல்யாணத்துக்கு வந்திருப்பார்கள், ஊர் திரும்ப இன்னும் ஒரு நாள் இருக்கும். அலுவலக வேலையாக வந்து, வேலை சீக்கிரமே முடிந்திருக்கும். சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு விமானங்கள் இங்கிருந்து போவதால், மறுநாள் விமானம் பிடிக்க வேண்டியவர்களும் உண்டு. கூட யாரும் இல்லை. ஒரு முழுப் பகல் இருக்கிறது. கொஞ்சம் பார்க்க வேண்டும், வீட்டுக்கும் வேண்டியவர்களுக்கும் கொஞ்சம் வாங்க வேண்டும். தஞ்சாவூர் கிழக்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர், காரைக்குடி தெற்கே 90, மதுரை 135. மூன்றுமே காலையில் போய் இரவு திரும்பக்கூடிய தூரம்தான்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கம் முதல் முறை வருகிறவர், தனியாகப் போகிறவர், அன்றிரவே திருச்சிக்குத் திரும்ப வேண்டியவர் என்றால் தஞ்சாவூருக்குப் போங்கள். இரவு அங்கேயே தங்க முடியும் என்றால் மதுரை. காரைக்குடியை, இன்னொருவர் துணைக்கு வருகிற நாளுக்காக எடுத்து வைக்கலாம். அதற்கும் ஒரு விதிவிலக்கு உண்டு, பின்னால் சொல்கிறேன்.

மூன்று ஊரின் பெருமையை எடைபோட்டு இந்த முடிவுக்கு வரவில்லை. பெருமை என்று பார்த்தால் ஒன்றுக்கொன்று குறைந்தது இல்லை. தனியாகப் போகிறவரின் நாளைத் தீர்மானிக்கிற விஷயங்கள் இரண்டே இரண்டு: நண்பகல், கையில் இருக்கும் பை.

முதலில் நண்பகல். நம் கோவில்கள் உச்சிக்காலப் பூஜை முடிந்ததும், பன்னிரண்டு, பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்திவிடும். மறுபடி திறக்க நான்கு மணி ஆகும். குடும்பமாகப் போனால் அந்த இடைவேளை தெரியாது. சாப்பாடு, குழந்தைக்குத் தூக்கம், வண்டியில் ஏசி என்று கழிந்துவிடும். தனியாளுக்கு வண்டி இல்லை, அறை இல்லை. மூன்றரை மணி நேரத்தை வெயிலில் நின்று கழிக்க முடியாது. ஆகவே எந்த ஊருக்குப் போகலாம் என்று யோசிக்கும்போது, பகல் பன்னிரண்டரைக்கு அந்த ஊரில் எங்கே இருப்போம் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

அடுத்தது பை. வாங்கிய பொருளை யாரிடமாவது கொடுத்து, “கொஞ்சம் பிடிங்க, வந்துடறேன்” என்று சொல்ல ஆள் இல்லை. கழிப்பறைக்குப் போனாலும் பை கூடவே வர வேண்டும். கோவிலுக்குள் போனால் செருப்பு, போன், பை மூன்றுக்கும் வழி பார்க்க வேண்டும். எனவே, கடைவீதி கோவிலுக்கு எந்தப் பக்கம், பார்ப்பதற்கு முன்னால் வாங்குவதா பின்னால் வாங்குவதா என்பதெல்லாம் தனியாளுக்குப் பெரிய விஷயம்.

இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால் தஞ்சாவூர் எப்படி முன்னால் வருகிறது என்று பார்ப்போம்.

ரயிலில் போனால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும், பேருந்தில் ஒன்றரை மணி நேரம். ரயிலையே சொல்வேன். திருச்சிப் பேருந்துகள் தஞ்சையின் புதிய பேருந்து நிலையத்தில் நிற்கும். அது ஊருக்கு வெளியே இருப்பதால் அங்கிருந்து நகரப் பேருந்து பிடித்துப் பழைய பேருந்து நிலையம் வர வேண்டும். ரயில் நிலையமோ ஊருக்குள்ளேயே இருக்கிறது. அங்கிருந்து பெரிய கோவிலுக்கு நடந்தே போய்விடலாம், நடக்க வேண்டாம் என்றால் ஆட்டோவுக்கு அதிகம் ஆகாது. ஆறு, ஆறரைக்குத் திருச்சியை விட்டால் எட்டு மணிக்குக் கோவில் வாசலில் நிற்கலாம். இந்த எட்டு மணி முக்கியம். பெரிய கோவில் முற்றம் முழுக்கக் கல்லும் செங்கல்லும் பாவியது. பத்தரைக்கு மேல் வெறுங்காலுடன் நடந்தால் கால் சுடும். கோடையில் சொல்லவே வேண்டாம்.

ராஜராஜன் 1010-ல் முடித்த கோவில் என்பது எல்லோருக்கும் தெரியும். விமானத்தை அண்ணாந்து பார்ப்பது, நந்தியின் முன் படம் எடுப்பது, பெருவுடையாரைத் தரிசிப்பது, இதற்கு ஒரு மணி நேரம் போதும். கூட்டமாக வருகிறவர்கள் இத்துடன் கிளம்பிவிடுவார்கள். தனியாக வந்திருப்பதன் லாபம் இதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டுகளின் பக்கத்தில் போய் நில்லுங்கள். தான் கொடுத்தது, அக்கன் குந்தவை கொடுத்தது, பெண்டுகள் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொன்ன அரசன் அவன். நகைகளின் எடை, விளக்குக்கு நெய் தர விடப்பட்ட ஆடுகள், கோவிலில் ஆட அமர்த்திய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள் என்று ஒரு பெரிய அலுவலகத்தின் கணக்குப் புத்தகமே அங்கே சுவராக நிற்கிறது. பழைய எழுத்து என்பதால் வரிவரியாக நம்மால் படிக்க முடியாது. ஆனாலும் சில எழுத்துகள் பிடிபடும். ஒன்றிரண்டு பிடிபட்டுவிட்டால் அந்த இடத்தை விட்டு நகர மனம் வராது. “வாங்க, நேரமாச்சு” என்று இழுக்கவும் ஆள் இல்லை. தென்மேற்கு மூலைப் பக்கம் மராத்தியில் நீளமான ஒரு கல்வெட்டு இருக்கிறது, 1803-ல் இரண்டாம் சரபோஜி காலத்தில் வெட்டியது. தங்கள் போன்ஸ்லே வம்சத்தின் கதையை எழுதி வைத்திருக்கிறார்கள். சோழர் கட்டிய கோவிலில், நாயக்கர் கால நந்திக்குப் பின்னால், மராத்தியர் எழுதிய வரலாறு. இந்த மூன்றையும் ஒரே முற்றத்தில் பார்த்துவிட்டு அரண்மனைக்குப் போனால், அங்கே இருப்பது எல்லாமே புரியும்.

இப்போது நண்பகல் கணக்குக்கு வருவோம். கோவில் நடை சாத்தும் நேரத்தில் தஞ்சையில் போக ஓர் இடம் இருக்கிறது, அதுவும் கூரைக்குக் கீழே. அரண்மனை வளாகம் கோவிலிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள்தான். கலைக்கூடம், சரசுவதி மகால், தர்பார் மண்டபம், மணிக்கோபுரம் எல்லாம் அங்கே. பகல் முழுக்க அங்கே வேலை இருக்கும். நடுவில் சில பகுதிகளைச் சாப்பாட்டு இடைவேளைக்கு மூடுவார்கள், அந்த நேரத்தில் நீங்களும் சாப்பிட்டுவிட்டு வரலாம். சீட்டு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி, சில்லறை வைத்திருங்கள்.

கலைக்கூடத்துச் செப்புத் திருமேனிகளை மட்டுமே பார்ப்பதற்காகத் தஞ்சை போனாலும் தகும். திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர், அதாவது காளையின் மேல் சாய்ந்து நிற்கும் சிவன், அங்கேதான் இருக்கிறார். 1011-ஐ ஒட்டிச் செய்தது. காளை இப்போது இல்லை. காளையின் மேல் சாய்ந்திருக்க வேண்டிய கை காற்றில் அப்படியே நிற்கிறது. அந்தக் கையின் வளைவிலேயே காளை எவ்வளவு உயரம், எந்தப் பக்கம் நின்றது என்பது தெரிந்துவிடும். பாம்புகள் சுற்றிய சடையைத் தலைப்பாகை போலக் கட்டி, ஒரு காலை மாற்றி வைத்து நிற்கிற அந்த நிலையை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். தென்னிந்தியா முழுக்கத் தேடினாலும் இதைவிட அழகான ஆண் உருவம் உண்டா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

சரசுவதி மகாலில் நூலகத்தின் உள்ளே நம்மை விட மாட்டார்கள், காட்சிக்கூடம் மட்டும்தான் பார்க்கலாம். சரபோஜி மன்னர் கண் நோயாளிகளின் கண்களைப் படமாக வரையச் சொல்லி, சிகிச்சைக் குறிப்புகளோடு வைத்திருந்த தாள்கள் இந்த நூலகத்தின் சொத்து. இங்கே பலர் கவனிக்காமல் விடுகிற ஒன்று, நூலகம் தானே வெளியிடும் புத்தகங்களின் விற்பனை. மருத்துவச் சுவடி, சமையல், சோதிடம், இசை, தல வரலாறு என்று வெளியே கிடைக்காத நூல்கள், விலையும் குறைவு. தமிழ் படிக்கிற ஒருவருக்குப் பரிசு வாங்க வேண்டும் என்றால் தஞ்சையில் இதைவிட நல்ல கடை இல்லை.

சரி, கடை என்று வந்துவிட்டோம். தஞ்சையில் வாங்கத் தக்கது ஏராளம், அதில் தனியாள் தூக்கக்கூடியது எது என்பதுதான் கேள்வி. தஞ்சாவூர் ஓவியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் குழைத்த கலவையால் நகையையும் தூணையும் மேடாக எழுப்பி, அதன் மேல் தங்க ரேக்கு பதித்துச் செய்வது. சட்டமும் கண்ணாடியும் சேர்ந்தால் சிறிய படமே கனக்கும். பெரிய படத்தைத் தனியாளாகக் கையில் வைத்துக்கொண்டு ரயில் ஏறுவது நல்ல யோசனை இல்லை. பெரியது பிடித்துவிட்டால் பார்சலில் அனுப்பச் சொல்லுங்கள், கடைக்காரர்களுக்கு அது பழக்கமான வேலைதான். வாங்கும்போது தங்க ரேக்கா, தங்க நிறத் தாளா என்பதைக் கேட்டு, பில்லில் எழுதி வாங்க வேண்டும். எழுதித் தரத் தயங்கினால் அந்தக் கடையில் வாங்க வேண்டாம். நிறத் தாள் சில வருடங்களில் கறுத்துவிடும். கண்ணுக்கு வேறுபாடு தெரியவில்லை என்கிறவர்கள் காந்திஜி சாலையில் இருக்கும் அரசின் பூம்புகார் விற்பனை நிலையத்துக்கு முதலில் போய் விலையையும் வேலைப்பாட்டையும் பார்த்துவிட்டு, பிறகு அரண்மனைக்கு எதிரில் உள்ள கடைகளுக்குப் போகலாம். இரண்டு கடை பார்க்காமல் ஓவியம் வாங்கவே கூடாது.

தனியாளுக்கு ஏற்றது தஞ்சாவூர்த் தட்டு. பித்தளைத் தட்டின் மேல் செம்பும் வெள்ளியும் உருவங்களாகப் பதித்தது. சிறிய அளவிலும் கிடைக்கும், உடையாது, உடுப்புக்கு நடுவில் வைத்தால் ஒன்றும் ஆகாது. தலையாட்டி பொம்மை குழந்தைகளுக்கு. அதில் இரண்டு வகை உண்டு. அடி உருண்டையாக, தள்ளினால் சாய்ந்து எழுகிற செட்டியார்–ஆச்சி, ராஜா–ராணி ஒன்று. தலை, உடல், பாவாடை என்று தனித்தனித் துண்டுகளைக் கம்பியில் நிறுத்தி ஆடவிடுகிற நாட்டியக்காரி இன்னொன்று. இரண்டாவது பார்க்க அழகு, பையில் வைத்தால் நசுங்கும். நெட்டி வேலைப்பாடும் அப்படித்தான். தண்ணீரில் வளரும் செடியின் வெள்ளைத் தண்டைச் சீவிச் செய்த கோவில் மாதிரிகள், கண்ணாடிப் பெட்டியில் வைத்துத் தருவார்கள். எடையே இருக்காது, ஆனால் கையில் ஏந்திக்கொண்டே வர வேண்டியிருக்கும். வீணை செய்கிறவர்களின் பட்டறையைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் பாருங்கள், வாங்குவது அன்றைக்கு வேண்டாம். வெண்கலச் சிலைக்காகச் சுவாமிமலை வரை ஓடவும் வேண்டாம். அது கும்பகோணத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய ஊர், அதற்குத் தனி நாள் தேவை.

நான்கு மணிக்கு மேல், வாங்கியதைப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி பெரிய கோவிலுக்கே திரும்புவதுதான் நான் சொல்லும் முறை. காலையில் பார்த்த கல் அந்த நேரத்தில் வேறு நிறத்தில் இருக்கும். ஊர்க்காரர்கள் குழந்தைகளோடு வந்து புல்வெளியில் உட்கார்ந்திருப்பார்கள். தனியாக ஒருவர் உட்கார்ந்திருப்பதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தென்னாட்டில் ஒரு பெண் தனியாக, காரணம் எதுவும் சொல்லாமல், ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கக்கூடிய இடங்கள் குறைவு. பெரிய கோவில் முற்றம் அதில் ஒன்று. ஏழு மணிக்குக் கிளம்பினாலும் திருச்சிக்கு வண்டி கிடைக்கும். பிரதோஷ நாளில் மட்டும் கணக்கு மாறும். நந்திக்கு நடக்கும் அபிஷேகத்தைப் பார்க்க மாலையில் பெருங்கூட்டம் கூடும். அதைப் பார்க்கவே போகிறவர்களுக்கு நல்ல நாள், அமைதி தேடுகிறவர்கள் வேறு நாள் பார்க்கலாம்.

மதுரைக்கு வருவோம். கடைவீதி என்று மட்டும் பார்த்தால் மூன்றில் மதுரைதான் முதல். அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. தஞ்சையில் விற்பதில் பாதி கூடத்தில் வைத்து அழகு பார்க்கும் பொருள். மதுரையில் விற்பது அன்றாடம் உடுத்துவது, சமைப்பது, சூடுவது. கோவிலைச் சுற்றிச் சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று வீதிகள் சதுரம் சதுரமாக இருப்பதால், தனியாகப் போகிறவருக்கு வழி தவறுகிற பயமும் இல்லை. எங்கே நின்றாலும் ஏதாவது ஒரு கோபுரம் தெரியும், அதை நோக்கி நடந்தால் போதும்.

ஒரே ஒரு யோசனைக்காகவே மதுரையைத் தேர்ந்தெடுப்பவர்கள் இருக்கிறார்கள், அது தையல். கோவிலுக்கு எதிரே உள்ள புது மண்டபத்துத் தூண்களுக்கு நடுவே மிஷின் போட்டு உட்கார்ந்து, காலையில் துணி கொடுத்தால் மாலைக்குள் தைத்துத் தருகிற தையல்காரர்கள் மதுரையின் ஓர் அடையாளம். மண்டபத்தைச் சீரமைப்பதற்காக அங்கிருந்த கடைகளைப் பக்கத்தில் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். துணிக்கடை, பாத்திரக்கடை, புத்தகக்கடையோடு தையல்காரர்களும் அங்கே போய்விட்டார்கள். காலை வந்ததும் அளவு கொடுத்துவிட்டுக் கோவிலுக்குள் போகலாம், ஐந்து மணிக்குத் தைத்த உடுப்பை வாங்கிக்கொள்ளலாம். அதுவரை அது அவர்கள் கடையிலேயே இருக்கும், உங்கள் கையில் பாரம் இல்லை.

சுங்குடிச் சேலை வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்று கடைகளில் சுங்குடி என்று விற்பவற்றில் பெரும்பகுதி அச்சில் அடித்தது. அதுவும் நல்ல பருத்திதான், வெயிலுக்கு இதமாக இருக்கும், விலையும் சுலபம். சௌராஷ்டிர சமூகத்தினர் கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய கட்டுச் சுங்குடி வேறு. அதில் புள்ளிகள் ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. முடிச்சுப் போட்ட இடத்தில் துணி லேசாகப் புடைத்திருக்கும், கையால் தடவினால் தெரியும். “கட்டுனதா, அச்சா?” என்று நேராகக் கேட்டால் நல்ல கடைக்காரர் உள்ளே போய் எடுத்து வந்து காட்டுவார். கதர் வேண்டும் என்றால் மேலமாசி வீதி. 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி தம் பழைய உடையை விட்டு அரை வேட்டிக்கு மாறியது அந்த வீதியில் அவர் தங்கியிருந்த வீட்டில்தான். இப்போது அங்கே கதர்க் கடை இருக்கிறது. கடையும் காட்சியும் ஒன்றாக அமைந்த இடம்.

மதுரையில் தனியாளுக்குச் சிக்கல் கோவிலில்தான். 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு மீனாட்சி அம்மன் கோவிலுக்குள் கைப்பேசி கொண்டுபோக முடியாது. காப்பகத்தில் கொடுத்துச் சீட்டு வாங்க வேண்டும், பையும் அப்படியே. கூட ஒருவர் இருந்தால் மாறி மாறிப் போகலாம். தனியாக இருந்தால் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு, தரிசன வரிசைக்கும் பிரசாதத்துக்கும் ரொக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். போனில்தான் பணம், போனில்தான் ரயில் டிக்கெட் என்று இருப்பவர்கள் முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள். உள்ளே போன வாசலிலேயே வெளியே வர வேண்டும், செருப்பும் போனும் அங்கேதானே இருக்கின்றன. நான்கு பக்கமும் வாசல் இருக்கும் கோவிலில் இது மறந்துபோகும்.

நண்பகலுக்கு மதுரையில் இரண்டு இடம். ஒன்று திருமலை நாயக்கர் மகால், கோவிலிலிருந்து தென்கிழக்கே நடக்கிற தூரம். 1636-ல் கட்டிய அரண்மனையில் கால்பங்குதான் இன்று நிற்கிறது, அந்தக் கால்பங்கே மலைக்க வைக்கும். ஆனால் அங்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் பார்க்க இல்லை. இன்னொன்று வைகைக்கு வடக்கே காந்தி நினைவு அருங்காட்சியகம், ராணி மங்கம்மாளின் அரண்மனையாக இருந்த கட்டடம். சுடப்பட்டபோது காந்தி உடுத்தியிருந்த துணி அங்கே இருக்கிறது. அதன் முன்னால் நின்றுவிட்டு உடனே கடைவீதிக்குப் போக முடியாது, கொஞ்ச நேரம் தேவைப்படும். வெள்ளிக்கிழமை விடுமுறை.

இவ்வளவு இருந்தும் ஒரு பகலுக்கு மதுரையை ஏன் சொல்லவில்லை என்றால், மதுரையின் நல்ல நேரம் இரவு. பகலில் நெரிசலாகவும் வெயிலாகவும் இருக்கும் அதே வீதிகள் ஏழு மணிக்கு மேல் வேறு ஊராகிவிடும். இட்லிக் கடைகளின் முன்னால் ஆவி பறக்கும். கறி தோசையும் பரோட்டாவும் கல்லில் விழுகிற சத்தம் தெருமுனை வரை கேட்கும். தனியாகச் சாப்பிடுகிறவருக்கு இதைவிடத் தோதான ஊர் கிடையாது. நின்றபடியோ, ஓரமாக ஒரு நாற்காலியிலோ சாப்பிட்டுவிட்டுப் போகலாம், தனியாக வந்தவர் என்று யாரும் தனியாகப் பார்க்க மாட்டார்கள். விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா. பூ அப்போதுதான் வாங்க வேண்டும், மாலை மல்லி மொட்டு அவிழ்ந்து மணக்கிற நேரம் அது. அப்புறம் ஒன்பது மணியளவில், சொக்கநாதரைப் பல்லக்கில் மீனாட்சியின் சன்னதிக்கு எழுந்தருளச் செய்யும் பள்ளியறைப் பூஜை. இதையெல்லாம் விட்டுவிட்டு ஆறு மணிக்கே பேருந்து ஏறுவது, இலை போட்டுப் பாயசம் வருவதற்குள் எழுந்துவிடுவது மாதிரி. போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். மாட்டுத்தாவணியில் இறங்கி உள்ளே வர இன்னும் அரை மணி. பகல் மட்டும் இருப்பவருக்கு மதுரையில் கிடைப்பது அலைச்சல்தான் அதிகம். ஓர் இரவு தங்குங்கள். ரயில் நிலையத்துக்கும் கோவிலுக்கும் இடையில் தங்கும் விடுதிகள் நிறைய. அப்போது இந்த ஒப்பீடே தலைகீழாகிவிடும், நானும் மதுரைக்கே போகச் சொல்வேன்.

காரைக்குடி என்று சொல்லும்போது நாம் மனதில் வைத்திருப்பது காரைக்குடி ஒன்றை மட்டும் அல்ல. பெரிய வீடுகளுக்குக் கானாடுகாத்தான், தரைக்கல்லுக்கும் அந்தக் கல் பதித்த பெரிய வீட்டுக்கும் ஆத்தங்குடி, தரிசனத்துக்குப் பிள்ளையார்பட்டி, பழம்பொருளுக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு. எல்லாம் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் இடைவெளியில், ஆளுக்கொரு திசையில். நகரப் பேருந்துகள் உண்டு, ஆனால் ஒன்றை விட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். அதனால் எல்லோரும் கார் எடுக்கிறார்கள். நான்கு பேர் போனால் வாடகை நாலாகப் பிரியும், தனியாளுக்கு முழுவதும் ஒருவர் தலையில். இந்த ஒரு காரணமே போதும் என்பேன்.

சாப்பாடும் அப்படித்தான். செட்டிநாட்டு விருந்து பல பேர் உட்கார்ந்து, பல வகை வைத்துச் சாப்பிடுவது. ஒருவர் வயிற்றில் எத்தனை வகை போகும்? வீடுகளைப் பார்ப்பதிலும் தனியாக இருப்பது இடைஞ்சல். பல வீடுகள் பூட்டியே கிடக்கும், குடும்பத்துக் கல்யாணத்துக்குத்தான் திறப்பார்கள். காவலாளியிடம் பேசித் திறக்கச் சொல்ல வேண்டும். பர்மாத் தேக்குத் தூண்கள், இத்தாலியப் பளிங்கு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய பளபளப்பான சுவர், முகப்பிலிருந்து பின்கட்டு வரை நேர்கோட்டில் ஓடும் வாசல்கள், பார்த்தால் வாயடைத்துப்போகும். ஆனால் ஆளில்லாத பெரிய வீட்டில் தனியாக, தெரியாத ஒருவர் பின்னால் நடக்கச் சிலருக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, மனம் ஒப்பாது. நியாயமான தயக்கம்தான். சீட்டுக் கொடுத்து எல்லோரையும் விடுகிற ஆத்தங்குடிப் பெரிய வீட்டில் அந்தப் பிரச்சினை இல்லை.

வாங்கும் விஷயத்தில் காரைக்குடியின் சிறப்பான பொருள்கள் எல்லாமே கனம். ஆத்தங்குடிக் கல்லைச் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, சாயக் கலவையை ஒவ்வொரு கட்டமாக ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு மேலே மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பார்கள். கண்ணாடியின் வழவழப்புதான் கல்லின் பளபளப்பு. பட்டறைகளில் நின்று பார்க்கத் தாராளமாக விடுவார்கள், அது அவ்வளவு அழகான வேலை. ஆனால் வாங்கினால் லாரிச் சரக்கு. முனீஸ்வரன் கோவில் தெருவில் பீங்கான் பூசிய தட்டுகள், தகர விளம்பரப் பலகைகள், அஞ்சறைப் பெட்டிகள், பித்தளை அண்டாக்கள், கதவின் மேல்பலகைகள் என்று கடை நிறைய இருக்கும். பழசு என்று சொல்லப்படுவதில் புதுசும் கலந்திருக்கும். பேரம் பேச வேண்டிய இடம். பேரத்தில் கூட ஒருவர் நின்று “வேணாம், வா போகலாம்” என்று சொல்வதற்கு இருக்கும் பலம் தனியாளுக்குக் கிடையாது. வெளிநாட்டுக்குத் திரும்புகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளை நாட்டை விட்டுக் கொண்டுபோகக் கூடாது. சிலை என்றால் தொடவே வேண்டாம்.

எளிதாகக் கொண்டுவரக்கூடியவை மூன்று: ஓலையில் பின்னிய கொட்டான் என்கிற கூடை, கண்டாங்கிச் சேலை, பலகாரம். கண்டாங்கி கெட்டிப் பருத்தி, பெரிய கட்டம், அகலக் கரை. துவைக்கத் துவைக்க நன்றாகும்.

முன்னால் சொன்ன விதிவிலக்கு இதுதான். கட்டடக் கலை படித்தவர், வீடு கட்டிக்கொண்டிருப்பவர், படம் எடுப்பதற்கென்றே போகிறவர் என்றால், தனியாகவே காரைக்குடிக்குப் போங்கள், கார் வாடகையைப் பார்க்காதீர்கள். உங்களுக்கு வேண்டியது வேறு எங்கும் இல்லை. போகிற வழியில் திருமயம் கோட்டையையும் சேர்த்துக்கொள்ளலாம். பாறையின் மேல் ஏறி நின்றால் சுற்றுவட்டாரம் முழுக்கத் தெரியும், குடைவரைக் கோவில்கள் அடிவாரத்தில் பக்கம் பக்கமாக இருக்கின்றன. காலையிலேயே ஏறிவிட வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை தஞ்சைக்கும் மதுரைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, இரண்டுமே பொது வண்டியில் போய் நடந்து பார்க்கிற ஊர்கள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் ஊருக்குள் சுற்றுவதற்கு அவர்களுக்கு இன்னும் குறையும். மழை நாளாக இருந்தால் மதுரைக் கோவிலின் நீண்ட பிராகாரங்கள் வசதி. பெரிய கோவிலோ திறந்த வெளி, மழையில் ஒதுங்கச் சுற்று மாளிகை மட்டும்தான். ஏப்ரல், மே மாதங்களில் சித்திரைத் திருவிழா நடக்கும்போது மதுரைக்குத் திருவிழா பார்க்க மட்டும் போங்கள், கடை நோக்கம் வேண்டாம். ஸ்ரீரங்கத்தையே இன்னும் பார்க்காதவர் என்றால் இந்த மூன்றையும் விட்டுவிட்டு அங்கே போகலாம். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியூர் போவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

மறுநாள் விமானம் என்கிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. தஞ்சாவூர்த் தட்டு, பித்தளை விளக்கு போன்றவற்றைப் பதிவுச் சாமானில் போடுங்கள், கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் பிரித்துக் காட்டச் சொல்வார்கள். புதிதாகச் செய்த உலோகச் சிலை வாங்கியிருந்தால், அது தொல்பொருள் இல்லை என்று தொல்லியல் துறையிடம் சான்று பெற வேண்டியிருக்கலாம். அதற்கு நாள் பிடிக்கும், ஒரே நாளில் ஆகிற காரியம் இல்லை. பூம்புகார் பில் இருந்தாலும் கடையிலேயே இதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்டு பணம் கொடுங்கள்.